உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள்: முதல் முறை உல்லாசக் கப்பல் ஏறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் பந்திங் வட்டாரத்தில் இப்போது ஒரு நல்ல வழக்கம் வந்திருக்கிறது. தோட்டத்தில் பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்துபோன அப்பா அம்மாவை, பிள்ளைகள் காசு சேர்த்து உல்லாசக் கப்பலில் அழைத்துப் போகிறார்கள். நெடுஞ்சாலையில் ஏறினால் புலாவ் இண்டாவில் இருக்கும் கப்பல் முனையம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து பினாங்கு, லங்காவி, புக்கெட், சிங்கப்பூர் என்று மூன்று நான்கு இரவுப் பயணம். இடம் கிட்டத்தில் இருப்பதாலேயே பலர் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

நான் அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள். பயணம் போகிறவர்கள் என்னிடம் வந்து என்ன உடுப்பு எடுப்பது, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நடுக்கடலில் வயிற்றுப்போக்கு வந்தால் யாரிடம் சொல்வீர்கள்? பெரும்பாலும் வரும் பதில், "பொறுத்துக்குவேன் மிஸ்ஸி, காசு கட்டியாச்சே." இந்தப் பதிலை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் ஒருவருக்கு வாந்தி வந்தால் அந்த வீட்டோடு போய்விடும். கப்பலில் மூவாயிரம் நாலாயிரம் பேர் ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, ஒரே லிஃப்ட் பொத்தானை அழுத்தி, ஒரே படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து நடக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலை மறந்திருக்க மாட்டோம். பயணிகளும் ஊழியர்களுமாக 3,711 பேர் இருந்த அந்தக் கப்பலில் 712 பேருக்குக் கோவிட் தொற்றியது. ஹாங்காங்கில் இறங்கிப்போன ஒரு பயணிக்கு நோய் இருந்தது தெரியவந்த பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது.

கட்டணம் கட்டும் முன்

சீட்டு வாங்குகிற அன்றைக்கே பயணக் காப்புறுதியும் வாங்கிவிடுங்கள். இதைப் பணத்துக்கான பாதுகாப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் சுகாதார விதி. காய்ச்சலோடு கப்பல் ஏறுகிறவர் கெட்டவர் இல்லை. ஆறு மாதம் சேர்த்த காசு போய்விடுமே என்று பயந்தவர். "புறப்படும் முன் நோய்வாய்ப்பட்டால் கட்டிய பணம் திரும்பும்" என்ற ஏற்பாடு கையில் இருந்தால், அவர் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துக்கொள்வார். மற்றவர்களும் பிழைத்தார்கள்.

காப்புறுதி முகவரிடம் வாயால் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, அல்லது விமானப் பயணத்துக்கு மட்டுமா? கடலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு எவ்வளவு வரை? ஏற்கெனவே இனிப்புநீர் (சர்க்கரை நோய்), இரத்தக் கொதிப்பு, இருதய நோய் இருக்கிறவருக்கு அதனால் வரும் செலவைக் கொடுப்பார்களா? வயது வரம்பு உண்டா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைக்காத பத்திரம் விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் பக்கமும் நேர்மை வேண்டும். இருதயத்தில் பலூன் வைத்ததை மறைத்துப் பத்திரம் வாங்கினால், அவசரத்தில் அது வெறும் காகிதம்.

நம் பெரியவர்களுக்கு மருத்துவச் செலவு என்றால் அரசாங்க கிளினிக்கில் கட்டும் ஒரு வெள்ளிதான் நினைவில் இருக்கும். கப்பல் மருத்துவ நிலையம் அப்படியல்ல. அது தனியார் கணக்கு. பரிசோதனை, ஊசி, சொட்டு மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டு அறைக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) அட்டையும் ஓய்வூதியர் அட்டையும் அங்கே செல்லாது. முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு ரசீதை வைத்துக் காப்புறுதியில் கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. பயணம் முடிவதற்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஏறும் இடத்தில் கெஞ்சியும் பயனில்லை. கைக்குழந்தைக்கும் பொதுவாக ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நீண்ட கடல் பயணம் என்றால் ஒரு வயது. இது கப்பல் நிறுவனத்தின் கடுமை அல்ல. கப்பலில் குறைப்பிரசவக் குழந்தையைக் காப்பாற்றும் வசதி கிடையாது.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், குடும்பத்தோடு சேர்த்து அவருக்கும் சீட்டு வாங்குமுன் குடிநுழைவுத் துறையில் விசாரியுங்கள். அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது, வேறு பயண ஆவணம் வேண்டும். முனையத்தில் தாத்தாவை மட்டும் திருப்பி அனுப்பும் நிலை வரக்கூடாது.

ஒரு மாதம் இருக்கும்போது

வழக்கமாகப் போகும் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். "கப்பலில் போகிறேன்" என்று சொல்லுங்கள். இந்தச் சொல் முக்கியம், ஏனென்றால் அதற்கேற்ப அவர் யோசிப்பார். நம் சமூகத்தில் இனிப்புநீர் எவ்வளவு அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் கிடக்கும் நாளில் மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரையையும் சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் வழக்கம்போல விழுங்கினால் சிறுநீரகத்துக்குக் கேடு வரலாம். எதை நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது, இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பெரியவரிடம் மட்டும் கொடுக்காமல், கூடவே போகும் மகனோ மருமகளோ படித்து வைத்திருக்க வேண்டும்.

பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக மாத்திரை வாங்குங்கள். மருந்துகளின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் இருக்கட்டும். "வெள்ளை மாத்திரை காலையில் ஒண்ணு" என்றால் கப்பல் மருத்துவருக்குப் புரியாது. சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுவதென்றால் கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பே போட வேண்டும், எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் சாதாரணக் கப்பலில் போகவே கூடாது. கப்பல் மருத்துவ நிலையத்தில் மருத்துவரும் தாதியரும் இருப்பார்கள், மாரடைப்பு வந்தால் நிலைப்படுத்துவார்கள், எலும்பு முறிந்தால் கட்டுவார்கள். அறுவை சிகிச்சையும் டயாலிசிசும் அங்கே எதிர்பார்க்கக்கூடியவை அல்ல. ஹெலிகாப்டர் வரும் என்று நினைக்கிறார்கள். கரைக்கு அருகில் இருந்து, வானிலையும் ஒத்துழைத்தால் மட்டும்தான் அது. மற்றபடி அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது

மருந்து முழுவதும் கைப்பையில். பெரிய பெட்டியை முனையத்தில் வாங்கிக்கொண்டால், அது அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். இன்சுலின் வெயிலில் கிடக்க விடாதீர்கள். அறையில் உள்ள சின்னக் குளிர்பெட்டி சில கப்பல்களில் போதிய குளிர்ச்சி தராது; ஏறியதும் அறைப் பணியாளரிடம் சொன்னால் மாற்று ஏற்பாடு செய்வார். ஊசி போட்டுவிட்டுக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அதைக் காலி செய்பவரின் விரலில் குத்தும். பயன்படுத்திய ஊசியைப் போட்டு வைக்கும் டப்பா கேட்டால் கொடுப்பார்கள்.

கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வெப்பமானி, வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு. கப்பல் குளியலறை வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கும். இரவில் எழுந்து போகும் பெரியவர்கள் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எடுத்துப்போகக் கூடாதவற்றில் நம் வீட்டுப் பெட்டியில் அடிக்கடி இருப்பது சோற்றுப் பானை, கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நீட்டிப்பு மின்கம்பி. அப்புறம் கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி. காலையில் சாமி கும்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மாக்கள் உண்டு, எனக்குத் தெரியும். படத்தை வைத்துப் பூ போட்டுக் கும்பிடுங்கள், விபூதி இட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அறைக்குள் நெருப்புப் பொறி கூடாது. கடலில் தண்ணீரைவிட அதிகம் பயப்படுவது தீக்குத்தான், ஓடி ஒதுங்கத் தெரு கிடையாது. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது பால்கனிகளில் தீப்பிடித்தது. யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. ஒரு பயணி இறந்தார், வரிசையாகப் பல அறைகள் எரிந்தன. அதன் பிறகு பால்கனிக்கான தீப் பாதுகாப்பு விதியே மாறியது. புகைப்பவர்கள் அதற்கென்று குறித்த இடத்தில் மட்டும் புகைக்க வேண்டும், துண்டைக் கடலில் எறியவே கூடாது. காற்று அதைக் கீழ்த்தளப் பால்கனிக்குள் கொண்டுவந்து போடும்.

இளைஞர்களுக்கு: சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் வேப் (மின்சிகரெட்) சட்டப்படி தடை. "நம்ம ஊர்ல எல்லாரும் வெச்சிருக்காங்க" என்பது அங்கே எடுபடாது. வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறும் நாளில்

முனையத்தில் ஒரு சுகாதாரப் படிவம் தருவார்கள், அல்லது கைப்பேசியில் நிரப்பச் சொல்வார்கள். கடந்த இரண்டு மூன்று நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இருமல் இருந்ததா? உண்மையை எழுதுங்கள். 'ஆம்' என்று எழுதினால் உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் மருத்துவ ஊழியர் வந்து பேசுவார், வெப்பம் பார்ப்பார். சிலர் ஏறலாம், சிலர் ஏறிச் சில நேரம் அறையில் இருக்க வேண்டியிருக்கும், சிலருக்குப் பயணம் மறுக்கப்படும். பொய் எழுதியது பிறகு தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட ஒப்பந்தப்படி அவர்களுக்கு உரிமை உண்டு, அப்போது காப்புறுதியும் கைவிடும். படிவம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். பாட்டிக்காக நிரப்பும் பேரப்பிள்ளைகள், தயவுசெய்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். பாட்டியைக் கேட்டு நிரப்புங்கள்.

அறைக்குள் போய்ப் பை வைத்ததும் எல்லாருக்கும் தோன்றுவது சாப்பாட்டுக்கூடம். அதற்கு முன் கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். உங்கள் அறை எங்கே, அவசரத்தில் கூட வேண்டிய இடம் எங்கே என்று அதில் இருக்கும். அறை அட்டையிலும் அந்த இடத்தின் எழுத்தும் எண்ணும் அச்சாகியிருக்கும். ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து போய்ப் பாருங்கள். அவசரத்தில் லிஃப்ட் பயன்படுத்தக் கூடாது. இருட்டில், புகையில், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று கால் நினைவு வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு ஒத்திகை. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடக்கும், ஒவ்வொரு பயணியும் கலந்துகொண்டாக வேண்டும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: விடிகாலைப் பெரட்டு மாதிரிதான். பெயர் கூப்பிடும்போது ஆள் நின்றிருக்க வேண்டும். நிற்காதவருக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். இப்போது சில கப்பல்களில் காணொளியைக் கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். காணொளியை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். பெரியவர்களுக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள்.

இந்த விதி இவ்வளவு கண்டிப்பானதற்குக் காரணம் உண்டு. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதியது. கப்பலில் சுமார் 4,200 பேர். அன்று மாலைதான் சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் நூற்றுக்கணக்கானோர் ஏறியிருந்தார்கள், அவர்களுக்கு இன்னும் ஒத்திகை நடக்கவில்லை. அன்றைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. மோதி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது. 32 பேர் இறந்தார்கள். கப்பல் தலைவருக்குப் பிறகு 16 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இந்த விபத்தின் விளைவாக, டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் உருவாகி வளர்ந்துவந்த அனைத்துலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகையை நடத்தியாக வேண்டும்.

மனத்தில் பதிய வேண்டிய ஒலி ஒன்று: ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்டால் கூடுமிடத்துக்குப் போங்கள். அறையில் இருந்தால் மருந்துப் பை, மூக்குக்கண்ணாடி, செருப்பு, உயிர்காப்பு அங்கி. வேறு இடத்தில் இருந்தால் நகையை எடுக்க அறைக்குத் திரும்பாதீர்கள், அங்கி கூடுமிடத்திலும் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு அங்கி அறையில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்கி வையுங்கள். பிள்ளைகள் விளையாட்டு அறையில் இருக்கும்போது அபாய ஒலி வந்தால் அவர்களை ஊழியர்கள் எங்கே கொண்டுவருவார்கள் என்றும் அன்றே கேட்டுவிடுங்கள். பெற்றோர் கீழே ஓட, பிள்ளை மேலே போக, நடுவில் படிக்கட்டில் எல்லாரும் முட்டிக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

கையும் சாப்பாடும்

கப்பலில் வயிற்றுப்போக்கு பரவுவதற்கு முதல் காரணம் நோரோவைரஸ். மிகச் சில கிருமிகள் உள்ளே போனாலே போதும், 12 முதல் 48 மணி நேரத்தில் திடீரென வாந்தியும் பேதியும் பிடிக்கும். ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலோருக்குச் சரியாகும். ஆனால் எழுபது வயதுக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் நீரிழப்பு ஆபத்தாகலாம். கைப்பிடியிலும் மேசையிலும் இந்தக் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு நாம் கிருமிநாசினிக் களிம்பைத் தேய்த்தால் போதும் என்று பழகிவிட்டோம். நோரோவைரசுக்கு அது போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், குறைந்தது 20 வினாடி, விரலிடுக்கும் நகத்தடியும் சேர்த்து. உணவுக்கூட வாசலில் களிம்பு தெளிப்பவர் சிரித்த முகத்தோடு நிற்பார். அவரையும் மதியுங்கள், ஆனால் அதற்கு முன் கழுவிவிட்டு வாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கப்பல் கையேடுகள் சொல்வதில்லை, ஏனென்றால் அவை முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நாம் கையால் சாப்பிடுகிறோம். பஃபேயில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது, சோற்றுக் கரண்டியையும் குழம்புக் கரண்டியையும் நமக்கு முன் நூறு பேர் பிடித்திருக்கிறார்கள். வாசலில் கழுவிய கை, தட்டு நிறையும் நேரத்தில் மறுபடி அழுக்கு. அந்தக் கையால் பிசைந்து சாப்பிட்டால் வாசலில் கழுவியதற்கு அர்த்தமே இல்லை. ஆகவே தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒருவர் காவல் இருக்க, மற்றவர்கள் போய் மீண்டும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து சாப்பிடுங்கள். அது முடியாத இடத்தில் கரண்டியால் சாப்பிடுங்கள். இன்னொரு வழி, பரிமாறுபவர் கொண்டுவந்து வைக்கும் உணவகத்தில் உட்காருவது. பெரியவர்களுக்கு அதுதான் நல்லது, தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடும் கப்பலில் நடக்கவும் வேண்டாம்.

கடித்த பழத்தையோ கை வைத்த ரொட்டியையோ திரும்பத் தட்டில் வைக்கக் கூடாது. குடிக்கும் புட்டியின் வாயைத் தண்ணீர்க் குழாயில் இடிக்கக் கூடாது, குவளையில் பிடித்து ஊற்றிக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் எச்சிலைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட வேண்டும். தளத்திலும் கடலிலும் துப்பக் கூடாது. இனிப்புநீர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இருபது வகை இனிப்பு எந்நேரமும் மேசையில் இருக்கும், கட்டிய காசுக்கு ஈடாகச் சாப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முடியவில்லை என்றால்

முதலில் இது கடல் மயக்கமா, தொற்றா என்று பாருங்கள். கப்பல் ஆடும்போது தலைசுற்றி வாந்தி வந்து, காய்ச்சலும் பேதியும் இல்லாமல் இருந்தால் மயக்கமாக இருக்கலாம். மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள், இஞ்சி கொஞ்சம் உதவும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கத்து அந்தமான் கடல் ஆடும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு. கடல் மயக்கத்துக்கான மாத்திரைகள் தூக்கம் தரும். கண் அழுத்த நோயோ, ஆண்களுக்குச் சிறுநீர்த் தடையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

பேதி இருக்கிறது, அல்லது எது என்று சந்தேகமாக இருக்கிறது என்றால், அறையை விட்டு வெளியே வராதீர்கள். அறைத் தொலைபேசியில் மருத்துவ நிலையத்தைக் கூப்பிடுங்கள். நேரே நடந்து போனால் வழியில் தொடும் ஒவ்வொரு கைப்பிடியிலும் விட்டுவிட்டுப் போவீர்கள். வாந்தியை நீங்களே துடைக்க வேண்டாம். தூய்மைப் பணியாளர்கள் அதற்கான மருந்தோடும் கையுறையோடும் வருவார்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள்.

பேதியை நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவு விருந்துக்குப் போவதுதான் நான் மிகவும் பயப்படும் பழக்கம். பேதி நிற்கும், ஆனால் கிருமி நிற்காது. அறிகுறி போன பிறகும் உடம்பிலிருந்து அது வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் குணமான பிறகும் ஒன்று அல்லது இரண்டு நாள் அறையிலேயே இருக்கச் சொல்கிறார்கள். மூன்று இரவுப் பயணத்தில் இரண்டு நாள் போய்விடுமே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் நீங்கள் உள்ளே இருந்தால் அடுத்த அறையில் சர்க்கரை நோயுள்ள ஒரு தாத்தா தப்பிப்பார்.

சொல்வதால் இன்னொரு பயனும் உண்டு. கப்பல் மருத்துவர் ஒவ்வொரு பேதி நோயாளியையும் கணக்கெடுக்கிறார். எண்ணிக்கை ஏறினால் பஃபேயில் பயணிகள் தாமே எடுப்பதை நிறுத்திவிட்டு ஊழியர்கள் பரிமாறுவார்கள், கைப்பிடிகளைக் கூடுதலாகத் துடைப்பார்கள். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் 3 விழுக்காட்டினர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பேதி என்று சொன்னால் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பகிரங்கமாக அறிவிக்கும். அந்த ஏற்பாடு 1970களிலிருந்து நடக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து கப்பலைச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள், 85உம் அதற்குக் கீழும் தோல்வி. நம் பக்கத்துக் கடலில் மட்டும் ஓடும் கப்பலுக்கு அந்தச் சோதனை பொருந்தாது. எங்கே ஆனாலும் பயணி வாயைத் திறக்காவிட்டால் மருத்துவரின் கணக்கு பொய்க் கணக்குதான்.

அறையில் இருக்கும்போது கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, தலை கிறுகிறுக்கிறது, மலத்தில் இரத்தம், நெஞ்சு வலி, சர்க்கரை மிகவும் ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்றால் பில் எவ்வளவு வரும் என்று யோசிக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

கைப்பிடிச் சுவர், குளம், மது

பால்கனித் தடுப்பு பெரியவர் நெஞ்சளவு இருக்கும். அதன் மேல் ஏறாதவரை தானாக விழ முடியாது. ஆனால் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. நாற்காலிகளைச் சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள், பால்கனிக் கதவைப் பூட்டியே வையுங்கள், பிள்ளையைத் தூக்கித் தடுப்பின் மேல் உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். பல கப்பல்களில் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை. பிள்ளை தண்ணீரில் இருந்தால் பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிக் கதவுகள் கனமானவை, காற்றில் அடித்துச் சாத்தும். விரலை இடுக்கில் வைக்க விடாதீர்கள்.

மதுவைப் பற்றி நேரடியாகவே பேசுகிறேன். தோட்டத்தில் மது என்ன செய்தது என்று நம்மில் எல்லாருக்கும் ஒரு குடும்பக் கதை இருக்கும். கப்பலில் அது எந்நேரமும் கிடைக்கும், வீட்டுக்கு வண்டி ஓட்ட வேண்டியதும் இல்லை, அதனால் கட்டுப்பாடு தளர்கிறது. படிக்கட்டில் உருள்வதும் தடுப்பின் மேல் ஏறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். யாராவது கடலில் விழுவதைக் கண்டால், கண்ணை எடுக்காமல் அந்த இடத்தைக் கையால் காட்டிக்கொண்டே கத்துங்கள், மிதக்கும் வளையத்தை எறியுங்கள், பக்கத்தில் இருப்பவரை ஊழியரிடம் ஓடச் சொல்லுங்கள். அலையில் ஒரு தலை சில நொடிகளில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

துறைமுகத்தில் இறங்கும்போது

புக்கெட்டில் இறங்குகிறவர்களுக்கு மிக முக்கியமானது மணி. தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மலேசிய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். திரும்ப வேண்டிய நேரம் எந்த நாட்டு மணி என்று இறங்கும் படியில் கேளுங்கள், ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் சுற்றப் போனால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் போக வேண்டும்.

உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து விழுந்தால் காப்புறுதி பொதுவாகக் கொடுக்காது. குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடலில் குளித்து ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காமல் வினிகர் ஊற்றுங்கள். லங்காவியிலும் பினாங்கிலும் பெட்டி ஜெல்லிமீன் உண்டு, அதை அலட்சியம் செய்யக் கூடாது. கப்பலிலிருந்து பழமோ இறைச்சியோ கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். அலை பெரிதாக இருக்கிறது என்று கப்பல் தலைவர் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போனால் ஊழியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சின்னப் படகில் உங்கள் அம்மாவை ஏற்றும் அபாயத்தை அவர் தவிர்த்திருக்கிறார்.

வீடு திரும்பிய பிறகு

இரண்டு மூன்று நாளில் பேதியோ காய்ச்சலோ வந்தால் கிளினிக்கில் முதல் வரியிலேயே "கப்பலில் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள், எந்தத் துறைமுகம் என்றும் சொல்லுங்கள். கடும் காய்ச்சலும் உடல்வலியும் என்றால் டெங்கியையும் பார்ப்பார்கள். இருமலும் மூச்சுத்திணறலும் இரண்டு வாரம் வரைகூடக் கப்பலோடு தொடர்புள்ளதாக இருக்கலாம். சூடான நீர்த்தொட்டிகளில் வளரும் லெஜியோனெல்லா கிருமி அப்படி மெதுவாகத் தலைகாட்டும். பேதி நின்று 48 மணி நேரம் வரை மற்றவர்களுக்குச் சமைக்காதீர்கள். கோயில் அன்னதானத்தில் காய் நறுக்குகிற கை என்றால் அந்த வாரம் வேறு வேலை எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதியில் பணம் கேட்பதற்குக் கப்பல் மருத்துவரின் அறிக்கை, ஒவ்வொரு ரசீதின் அசல், அறையில் இருக்கச் சொன்ன கடிதம் இவை மூன்றும் வேண்டும். கப்பலை விட்டு இறங்கிய பிறகு இவற்றை வாங்குவது பெரும்பாடு. கடைசி நாள் காலையில், பெட்டியைக் கட்டும் முன்பே மருத்துவ நிலையத்துக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.